கருக்கலைத் தீட்டியவர்கள்

1859-ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒரே ஒரு ஓவியத்தைப் பார்க்க மூன்றே வாரங்களில் 12,000 பேர் திரண்டார்கள். தலைக்கு 25 சென்ட் கட்டணம். ஃப்ரெடரிக் சர்ச் தீட்டிய ‘ஆண்டீஸின் இதயம்’ என்ற அந்தப் படம் ஐந்தரை அடி உயரம், பத்தடி அகலம். பனிமலை, அருவி, காடு, காட்டுக்குள் இன்ன செடி என்று பெயர் சொல்லும் அளவுக்கு நுணுக்கமான இலைகள். நாடக அரங்குக்கு எடுத்துப்போகும் சிறு தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து, மக்கள் அதை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். விலை 10,000 டாலர்.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. அதே நகரத்துப் பணக்காரர்களின் சுவர்களில் வேறு விதமான படங்கள் தொங்கின. சாம்பல் கலந்த பச்சையில் ஒரு வயல், மங்கலாக நாலு மரம், அடிவானத்தில் தீரப்போகும் வெளிச்சம். தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் இலை தெரியாது. பூசிய சாயம்தான் தெரியும். ஆனால் பத்தடி தள்ளி நின்று சற்று நேரம் பார்த்தால் படத்துக்குள் பொழுது சாய்கிறது.

இந்த ஓவியப் போக்குக்கு டோனலிசம் என்று பெயர். சாயலியம் என்று சொல்லிக்கொள்வோம். பல வண்ணங்களை மோதவிடாமல், ஒரே வண்ணக் குடும்பத்தின் அடர்த்தியும் வெளிறலும் மட்டுமே கொண்டு ஒரு மனநிலையை எழுப்பும் முறை இது. ஏறத்தாழ 1880 முதல் 1910 வரை அமெரிக்க இயற்கைக்காட்சி ஓவியத்தில் இது கோலோச்சியது. பிறகு மறக்கப்பட்டது. ‘பழுப்புப் படங்கள்’ என்ற ஏளனமும் சேர்ந்துகொண்டது. அந்த ஏளனம் அநியாயம் என்பது என் கட்சி. ஏனென்றால் அந்த மங்கலுக்குள் கண்ணைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் எண்ணெயின் வேதியியலைப் பற்றியும் வியக்கத்தக்க அறிவு ஒளிந்திருக்கிறது.

முதலில், ஏன் இந்த மாற்றம்? 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் செத்தார்கள். கன்னிநிலம், கடவுளின் கொடை என்றெல்லாம் மலைகளைக் கொண்டாடிய பழைய உற்சாகம் அதோடு தளர்ந்தது. காடுகள் வெட்டப்பட்டன, தண்டவாளங்கள் நீண்டன. பிரம்மாண்டத்தை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயலைப் பார்க்கும் மனம் வந்தது.

அந்த மாற்றத்தை ஒரே மனிதரின் வாழ்க்கையில் பார்க்கலாம். ஜார்ஜ் இன்னெஸ் 1825-இல் பிறந்தவர். 1850-களின் நடுவில் ஒரு ரயில்வே நிறுவனம் 75 டாலர் கொடுத்து, தன் ரயிலைப் படமாக வரையச் சொன்னது. அவர் வரைந்த ‘லாக்கவானா பள்ளத்தாக்கு’ படத்தில் ரயில் இருக்கிறது, புகை இருக்கிறது. முன்னால் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் வயல் முழுக்கக் குத்திட்டு நிற்கின்றன. பெருமையா புகாரா என்று இன்றும் சொல்ல முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து மெக்சிகோ நகரத்தில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தப் படத்தை இன்னெஸே கண்டெடுத்து வாங்கினார். இப்போது அது வாஷிங்டனின் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

பிரான்சுக்குப் போன இன்னெஸ், பார்பிஸோன் என்ற சிற்றூர் ஓவியர்களின் படங்களைக் கண்டு மாறினார். காட்டோரம், குளம், மாலை என்று எளிய காட்சிகளைத் தளர்ந்த கையோடு தீட்டியவர்கள் அவர்கள். பிறகு ஸ்வீடன்போர்க் என்ற ஞானியின் எழுத்துகளில் இன்னெஸ் மூழ்கினார். அந்த ஸ்வீடன்போர்க் ஆன்மிகத்துக்கு வருமுன் ஸ்வீடனின் சுரங்கத் துறையில் வேலை பார்த்த அறிவியலாளர் என்பது உபரித் தகவல். கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் தெரியாத ஒன்று இருக்கிறது என்ற அந்தக் கொள்கை இன்னெஸின் தூரிகையில் மூடுபனியாக இறங்கியது. 1885-இல் நியூ ஜெர்சியின் மான்ட்கிளேரில் குடியேறிய பின் அவர் தீட்டியவைதான் உச்சம். 1893-இல் வரைந்த ‘நாரையின் வீடு’ படத்தில் மரம் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

இங்கேதான் முதல் புதிர். மாலை மங்கலை ஓவியத்தில் காட்டுவது கேட்பதற்கு எளிது. இயற்பியல்படி பார்த்தால் கிட்டத்தட்ட முடியாத காரியம்.

நல்ல வெள்ளைச் சாயம் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 90 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும். கறுப்புச் சாயம் மூன்று நான்கு விழுக்காடு. ஆக, ஓவியரின் கையிலுள்ள மொத்த வீச்சு ஒன்றுக்கு முப்பது, மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். வெளியுலகிலோ உச்சிவெயிலுக்கும் முழுநிலவின் ஒளிக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுக்கு நான்கு லட்சம்! நடுப்பகல் வெயிலில் ஒளியளவு ஒரு லட்சம் லக்ஸ். பௌர்ணமி நிலவில் கால் லக்ஸ் தேறினால் பெரிது. இந்த இரண்டையும் அதே வெள்ளை, அதே கறுப்பு, அதே அறை வெளிச்சத்தில்தான் காட்டியாக வேண்டும். ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1870-களின் தொடக்கத்தில் ஓவியத்தைப் பற்றி ஆற்றிய உரைகளில் இந்தச் சிக்கலை அழகாக எடுத்துவைத்தார். சுவரில் தொங்கும் நிலவொளிப் படம் உண்மையான நிலவொளியைவிடப் பல மடங்கு பிரகாசமானது. இருந்தும் அது நமக்கு இரவாகத் தெரிகிறது. எப்படி?

விடை கண்ணின் பின்சுவரில் இருக்கிறது. விழித்திரையில் இரண்டு வகை ஒளியுணர் செல்கள். கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். பகல் வெளிச்சத்தில் நிறமும் நுணுக்கமும் பார்ப்பவை இவை. கோல் செல்கள் சுமார் 12 கோடி. இருட்டில் விழித்துக்கொள்பவை, ஆனால் நிறம் பிரித்தறியாதவை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால் கோல் செல்கள் முழு உணர்வுக்கு வர அரைமணி நேரம்வரை பிடிக்கும். பார்வையின் நட்டநடு மையத்தில் அவை அறவே இல்லை. அதனால் இருட்டில் எதையும் கூர்ந்து பார்க்க முடியாது. நுணுக்கம் பகலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். மங்கலான விண்மீனை நேராக உற்றுப் பார்த்தால் காணாமல் போவதும், சற்றே பக்கவாட்டில் பார்த்தால் திரும்ப வருவதும் இதனால்தான்.

நிறத்திலும் ஒரு வேடிக்கை நடக்கிறது. கூம்பு செல்களின் கூட்டுணர்வு பச்சை மஞ்சளில், 555 நானோமீட்டர் அலைநீளத்தில், உச்சம் பெறுகிறது. கோல் செல்களின் உச்சம் நீலப்பச்சையில், ஏறக்குறைய 500 நானோமீட்டரில். ஆகவே வெளிச்சம் குறையக் குறைய சிவப்பு கறுத்து, நீலமும் பச்சையும் எழுந்து நிற்கும். பகலில் பளிச்சென்றிருந்த சிவப்புப் பூ விடியற்கருக்கலில் இலையைவிடக் கறுப்பாகத் தெரிவதை, பொஹீமியாவின் உடலியல் அறிஞர் யான் புர்க்கினே 1820-களில் எழுதிவைத்தார். இன்றும் இதற்குப் புர்க்கினே நகர்வு என்றே பெயர்.

நிலவொளி நீலமானது என்று நாமெல்லாம் நம்புகிறோம் அல்லவா? கருவியால் அளந்தால் அது வெயிலைவிடச் சற்று மஞ்சள். நிலவின் தரை, தேய்ந்த தார்ச்சாலை அளவுக்கே ஒளியைத் திருப்பியனுப்பும் மந்தமான கல். அதுவும் நீலத்தைவிடச் சிவப்பைக் கூடுதலாக அனுப்புகிறது. நிலவின் குளிர்ச்சி நம் கண்ணுக்குள் பிறப்பது.

இப்போது சாயலியர்கள் செய்ததைப் பாருங்கள். சிவப்பை அடக்கினார்கள். எல்லா வண்ணத்தையும் நீலப்பச்சை, சாம்பல், பழுப்பு என்று ஒரு பக்கமாகச் சாய்த்தார்கள். விளிம்புகளைக் கரைத்தார்கள், இலை, கல், முகம் போன்ற நுணுக்கங்களைத் துடைத்தெறிந்தார்கள். வெள்ளையின் உச்சத்தையும் கறுப்பின் ஆழத்தையும் தொடாமல் நடுவில் உள்ள குறுகிய வீச்சிலேயே நின்றார்கள். கோல் செல்கள் மட்டும் விழித்திருக்கும்போது உலகம் எப்படித் தெரியுமோ அப்படியொரு படத்தை, கூம்பு செல்கள் முழுவேகத்தில் இயங்கும் வெளிச்சமான அறையில் தொங்கவிட்டார்கள். மூளை அதை நம்பிவிடுகிறது. இவ்வளவு வெளிச்சத்தில் இவ்வளவு குறைவாகத் தெரிகிறதென்றால் இது இரவாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிடுகிறது.

இந்த வித்தையின் பெரிய ஆசான் ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர். மாசசூசெட்ஸில் பிறந்து, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்து, 1854-இல் வேதியியலில் தோற்று வெளியேறியவர். சிலிக்கன் ஒரு வாயு என்று தேர்வில் சொன்னாராம். சிலிக்கன் மட்டும் வாயுவாக இருந்திருந்தால் தளபதியாகியிருப்பேன் என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். லண்டனில் குடியேறிய அவர் 1870-களில் தேம்ஸ் ஆற்றின் இரவுகளைத் தீட்டினார். ‘நாக்டர்ன்’ என்று இசையிலிருந்து பெயர் கொடுத்தார்.

இருட்டில் எப்படி வரைவது? விளக்கு ஏற்றினால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும். ஏற்றாவிட்டால் தட்டில் எது நீலம், எது கறுப்பு என்று தெரியாது. விஸ்லரின் தீர்வு நினைவாற்றல். ஆற்றங்கரையில் நின்று காட்சியை உற்றுப் பார்ப்பார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, வானம் இன்ன சாயல், நீர் அதைவிடச் சற்று அடர்த்தி, விளக்கு இந்த இடத்தில் என்று பாடம்போல ஒப்பிப்பார். கூட வந்தவர் சரிபார்ப்பார். பிழை இருந்தால் மறுபடி பார்த்து, மறுபடி ஒப்பித்தல். மறுநாள் பகலில் ஓவியக்கூடத்தில் வேலை. நினைவு என்பதே ஒரு வடிகட்டி. வேண்டாத நுணுக்கங்கள் ஒரே இரவில் உதிர்ந்துவிடும்.

சாயத்தையும் அவர் வேறு விதமாகக் கலந்தார். டர்பன்டைனும் எண்ணெயும் கோப்பல் என்ற மரப்பிசினும் சேர்த்து நீர்க்க நீர்க்க இளக்கி, அந்தக் கலவைக்கு ‘சாஸ்’ என்று பெயர் வைத்தார். நிறுத்திவைத்த கேன்வாஸில் அது வழிந்தோடிவிடும் என்பதால் தரையில் கிடத்தி வரைய வேண்டியிருந்தது. அகலத் தூரிகையால் ஒரே இழுப்பு, வானம் முடிந்தது. அடுத்த இழுப்பு, ஆறு.

1877-இல் விமர்சகர் ஜான் ரஸ்கின், விஸ்லரின் ‘விழும் வாணம்’ படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு டப்பா சாயத்தைப் பொதுமக்கள் முகத்தில் வீசிவிட்டு 200 கினி கேட்கிறார் என்ற பொருள்பட எழுதினார். விஸ்லர் வழக்குப் போட்டார். 1878 நவம்பரில் விசாரணை. இரண்டு நாள் வேலைக்கா இவ்வளவு பணம் என்று கேட்ட வழக்கறிஞரிடம், ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அறிவுக்கு என்றார் விஸ்லர். வழக்கில் வென்றார். கிடைத்த இழப்பீடு ஒரு ஃபார்திங், அதாவது பென்னியில் கால் பங்கு! செலவு தாங்காமல் மறுவருடமே திவாலானார். அந்தப் படம் இப்போது டெட்ராயிட் கலைக்கூடத்தின் பெருமைகளில் ஒன்று.

விஸ்லர் மெல்லிய ஒரே பூச்சில் மங்கலைப் பிடித்தார் என்றால், அமெரிக்காவில் இருந்தவர்கள் பலர் எதிர்த்திசையில், அடுக்கடுக்காகப் பூசிப் பிடித்தார்கள். அடிப்பூச்சு காய்ந்தபின் எண்ணெய் மிகுந்த, ஒளி ஊடுருவும் மென்பூச்சை அதன்மேல் தடவுவது கிளேஸ் எனப்படும் உத்தி. வெளியிலிருந்து வரும் ஒளி இந்த அடுக்குகளைக் கடந்து உள்ளே போய், அடிப்பரப்பில் பட்டு, அதே அடுக்குகள் வழியாக வெளியே வருகிறது. ஒவ்வொரு அடுக்கையும் இருமுறை கடந்து வரும் அந்த ஒளி, மேற்பரப்பில் மோதித் திரும்பும் ஒளியைவிட ஆழமாகத் தெரியும். படத்துக்குப் பின்னால் விளக்கு எரிவதுபோன்ற மயக்கம் அதனால்தான். மாறாக, வெளிறிய சாயத்தைக் கறுத்த பரப்பின் மேல் மிக மெல்லிசாகத் தேய்த்தால் அது நீலம் பூத்துத் தெரியும், தட்டில் ஒரு துளி நீலம் இல்லாமலே! சாயத்தின் நுண்துகள்கள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதே காரணம். வானம் நீலமாவதற்கு நெருங்கிய உறவுள்ள இயற்பியல்.

இந்த அடுக்குகளுக்கு ஒரு கடுமையான விதி உண்டு. ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகிறது; காயும்போது எடை கூடுகிறது! ஆகவே எண்ணெய் குறைந்த, சீக்கிரம் காயும் பூச்சு கீழே இருக்க வேண்டும். எண்ணெய் மிகுந்தது மேலே. மாற்றிப் பூசினால், கெட்டியான மேல்தோலுக்கு அடியில் ஈரம் அசைந்துகொண்டே இருந்து, படம் வெடிக்கும்.

ஆல்பர்ட் பிங்கம் ரைடர் இந்த விதியைக் காற்றில் பறக்கவிட்டார். 1847-இல் திமிங்கில வேட்டைத் துறைமுகமான நியூ பெட்ஃபோர்டில் பிறந்தவர். நிலவொளியில் ஒற்றைப் படகு, கறுத்த மேகம், கொந்தளிக்கும் கடல் ஆகியவையே அவர் உலகம். ஒரு படத்தைப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் திருத்திக்கொண்டிருப்பார். காயாத சாயத்தின் மேல் வார்னிஷ், அதன்மேல் சாயம், மெழுகு, முழுவதும் காயவே காயாத நிலக்கீல். வரைந்த நாளில் அவை மணிபோல் மின்னின என்கிறார்கள் பார்த்தவர்கள். இன்று பல படங்கள் கறுத்து, வெடித்து, சுருங்கிக் கிடக்கின்றன. நினைத்த ஒளியைத் தொடுவதற்காகப் படத்தின் ஆயுளையே அடகுவைத்தவர் என்றுதான் அவரைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கோணல் வழக்கமே பின்னாளில் அவருக்குச் சாட்சியானதுதான் வேடிக்கை. ரைடர் தீட்டியவை 200-க்கும் குறைவு. அவர் பெயரில் உலவிய போலிகள் பல மடங்கு. கலை வரலாற்றாசிரியர் லாய்ட் குட்ரிச் அவற்றை எக்ஸ்-கதிரில் பார்க்கவைத்தார். உண்மையான ரைடரில், அடியில் வடிவத்தின் மேல் வடிவமாகத் தேடலின் தடங்கள் குவிந்திருந்தன. போலிகளுக்கு அப்படியொரு உள்வாழ்க்கை இல்லை.

ரால்ஃப் பிளேக்லாக்கின் கதை இன்னும் கசப்பு. பூச்சுகளை அடுக்கி, சொரசொரத்த எரிமலைக் கல்லால் தேய்த்து, மறுபடி பூசி நிலவொளியைக் கொண்டுவந்தவர். வறுமையில் மனம் பிறழ்ந்து, 1899 முதல் நியூயார்க் மாநிலத்தின் மனநல விடுதிகளில் அடைபட்டார். 1916-இல் அவருடைய ‘நிலவில் ஓடை’ 20,000 டாலருக்கு விற்று டொலிடோ அருங்காட்சியகத்துக்குப் போனது. உயிரோடிருந்த அமெரிக்க ஓவியர் ஒருவரின் படத்துக்கு அதுவரை கிடைத்த உச்ச விலை அது. அவருக்கோ குடும்பத்துக்கோ அதில் பங்கு வரவில்லை.

இருட்டின் நிறம் வேறு இடங்களுக்கும் பரவியது. கௌபாய், குதிரை என்று வரைந்து புகழ்பெற்ற ஃப்ரெடரிக் ரெமிங்டன், 1899-இல் கலிஃபோர்னியாவின் சார்லஸ் ரோலோ பீட்டர்ஸ் வரைந்த இரவுப் படங்களைப் பார்த்துக் கிறங்கி, அடுத்த பத்தாண்டில் எழுபதுக்கும் மேற்பட்ட இரவுக் காட்சிகளைத் தீட்டினார். அவருடைய நிலவொளி பச்சை. கோல் செல்களின் உச்சம் எங்கே என்பது நினைவிருக்கிறதா? எட்வர்ட் ஸ்டைக்கன் கேமராவாலேயே சாயலியம் செய்தார். 1904-இல் நியூயார்க்கின் மமரோனெக்கில் எடுத்த ‘குளம் – நிலவொளி’ படத்தின் தாள்மீது ஒளியுணர் பசையைக் கையால் அடுக்கடுக்காகப் பூசி நிறம் வரவழைத்தார். அதன் ஒரு பிரதி 2006-இல் 29 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

எல்லாம் இருந்தும் இந்தப் போக்கு ஏன் சரிந்தது? கனெக்டிகட்டில் ஓல்ட் லைம் என்ற ஊரே பதில் சொல்லும். 1899-இல் ஹென்றி வார்ட் ரேஞ்சர் அங்கே ஃப்ளாரன்ஸ் கிரிஸ்வோல்ட் அம்மையாரின் விடுதியில் தங்கி, சாயலியர்களின் குடியிருப்பு ஒன்றை உருவாக்கினார். 1903-இல் சைல்ட் ஹஸ்ஸம் வந்து இறங்கினார், பிரெஞ்சு இம்ப்ரெஷனிசத்தின் பளீர் வண்ணங்களோடு. சில ஆண்டுகளில் ஊரே வெயிலுக்கு மாறிவிட்டது. ரேஞ்சர் வேறு ஊர் பார்த்துக்கொண்டார். மேற்குக் கரையில் கிரான்வில் ரெட்மண்ட் என்பவரின் நிலை இன்னும் சங்கடம். சிறுவயதிலேயே கேட்கும் திறன் இழந்த அவர், சார்லி சாப்ளினின் நண்பர். அமைதியான மங்கல் படங்கள்தான் அவருக்கு விருப்பம். வாங்குபவர்களோ பாப்பிப் பூக்கள் பூத்த மஞ்சள் வயல்களையே கேட்டார்கள். வரைந்து கொடுத்தார்.

1913-இல் நியூயார்க்கில் நடந்த ஆர்மரி கண்காட்சி ஐரோப்பிய நவீன ஓவியத்தைக் கொண்டுவந்து இறக்கியது. அத்தோடு சாயலியம் கிழவர்களின் ரசனையானது. ஆனால் அதே கண்காட்சியில் முன்னோடி என்று மரியாதையோடு ரைடரின் படங்களும் வைக்கப்பட்டிருந்தன. கேன்வாஸைத் தரையில் கிடத்திச் சாயம் தெளித்த ஜாக்சன் பொல்லாக், அமெரிக்க ஆசான்களில் தன்னை ஈர்ப்பவர் ரைடர் ஒருவரே என்று 1944-இல் சொன்னார். 1972-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாண்டா கார்ன் அமைத்த கண்காட்சிதான் இந்தப் போக்கை மீண்டும் ஆய்வுக்கும் பார்வைக்கும் கொண்டுவந்தது.

இவற்றை நேரில் பார்க்க நல்ல இடம் வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடம். ரயில்பெட்டித் தொழிலில் செல்வம் சேர்த்த சார்லஸ் ஃப்ரீயர், விஸ்லர், டிவைட் ட்ரையன், தாமஸ் டூயிங் ஆகியோரின் படங்களைத் தேடித் தேடி வாங்கி நாட்டுக்கு எழுதிவைத்தார். 1923-இல் கூடம் திறந்தது. தன் சேகரிப்பை வெளியே இரவல் கொடுக்கக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. படங்கள் நம்மைத் தேடி வரா. நாம்தான் போக வேண்டும். அனுமதி இலவசம். போனால் ட்ரையனின் படமொன்றின் முன் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். முதல் நிமிடத்தில் ஒன்றும் தெரியாது.